மூன்றாம் பத்தியின் மீதி இரண்டு வரி

போன வாரம் நசரத்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகையில், பாலம் வேலை நடக்கிற இடத்தில் பேருந்து அரை மணி நேரம் நகராமல் நின்றுவிட்டது. ஜன்னலை ஒட்டித் தகரத் தடுப்பு. அதில் அடித்திருந்த பெயிண்டு இன்னும் காயவில்லை; நெடி வண்டிக்குள் வந்து மூக்கில் ஏறியது. மஞ்சள் தகரத்தில் கறுப்பு எழுத்தில் எட்டு வரிக் கவிதை. தலைக்கவசம் போடாமல் வேலைக்கு வந்த ஒருவன், அவனுக்காக வாசலில் காத்திருக்கும் சின்ன மகள், கடைசியில் அப்பா எப்போது வருவார் என்று ஒரு கேள்வி. படித்து முடித்ததும் என்னையறியாமல், "மேலேயிருந்து கல்லைப் போட்டவன் எங்கே, காணோமே?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வாய் என்னுடையது, கேள்வி உன்னுடையது. நீ போய் இரண்டு மாதமாகிறது. உன் கேள்விகள் மட்டும் போகாமல் என்னிடமே தங்கிவிட்டன. அதனால்தான் கல்யாணச் சட்டையைக்கூட மாற்றாமல் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாம் முதலில் பேசியது எதைப் பற்றி என்று நினைவிருக்கிறதா? எண்பதுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில், நம் கம்பெனி கேன்டீனில். நான் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் வருவேன். அப்பாவுக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். எனக்கு இன்ஸ்பெக்‌ஷனில் மேசை வேலை, அடித்து வரும் உதிரிகளின் அளவைச் சரிபார்ப்பது. நீ மேனாம்பேட்டுக்காரன். நிலத்தில் பாதியை விற்றுவிட்டு மீதியில் மாடு கட்டிப் பால் கறந்துகொண்டிருந்த வீட்டின் மூத்த பிள்ளை. பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற வேலை உனக்கு. நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தவன்; பத்திரிகையில் நான்கு கவிதை வந்தவன். அந்த நான்கையும் வெட்டி ஒட்டிய நோட்டை டிபன் பையிலேயே வைத்திருப்பேன், யாராவது கேட்டால் காட்டலாமே என்று. ஒரு ஜீவன் கேட்டதில்லை. நீதான் கேட்டாய்.

"இன்னா நைனா, டெய்லி அந்த நோட்ட தூக்கினு வர, தூக்கினு போற. இன்னா கீது அதுல?"

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நான்கையும் படித்தாய். ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. அப்புறம் மூன்றாவது கவிதையில் விரலை வைத்து, "இந்த எடத்துல என்ன அழச் சொல்ற. ஆனா அந்தக் கெழவி யாருன்னே சொல்லல. யாருன்னு தெரியாதவங்களுக்கு எப்டி நைனா அழறது?" என்றாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "அது குறியீடு" என்றேன். "இருக்கட்டும், குறியீட்டுக்கும் ஒரு முட்டி வலியாவது குடு" என்றாய். அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போய் அந்தக் கிழவிக்கு முட்டி வலி கொடுத்துப் பார்த்தேன். கவிதை எழுந்து உட்கார்ந்துவிட்டது. உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அப்போது அவ்வளவு அற்பனாக இருந்தேன்.

சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். பத்து நிமிஷத்தில் சோறு, மீதி இருபது நிமிஷம் கதை. அது நீ ஆரம்பித்த பழக்கம். முறை வைத்து ஆளுக்கொரு வாரம் பத்திரிகை வாங்கி வருவோம். படிப்பது நான், எனக்குத்தான் உச்சரிப்பு சுத்தம் என்று நானே முடிவு செய்திருந்தேன். கடைசிப் பத்திக்கு முன்னால் நீ கையைத் தூக்குவாய். நான் நிறுத்திவிட வேண்டும். "இப்போ நாம யார் பக்கம் கீறோம்?" என்று கேட்பாய். ஆளாளுக்கு ஒரே பதிலைத்தான் சொல்வார்கள், மருமகள் பக்கம் என்றோ, ஏழை அண்ணன் பக்கம் என்றோ. உடனே அடுத்த கேள்வி வரும்: "எந்த வரியில அந்தப் பக்கம் தாவினோம்?"

அந்த மாமியார் கதையை மறக்கவே முடியாது. கதை முழுக்க அந்தப் பொம்பளை ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் பெஞ்சில் இருந்த எட்டுப் பேரும் அவளை அடிக்கத் தயாராக இருந்தோம். நீ என் கையிலிருந்து பத்திரிகையை வாங்கி முதல் பக்கத்துக்குத் திருப்பினாய். "தோ பாரு. கத ஆரம்பிக்கசொல்லவே பூனைய வெளக்குமாத்தால அடிக்க வெச்சிட்டான். பூனைக்கும் கதைக்கும் இன்னா சம்பந்தம்? ஒண்ணுமில்ல. அப்பால பூனையே வரல. நம்மள அவ மேல கோவப்பட வெக்கத்தான் அந்தப் பூன. வேல முடிஞ்சதும் ஊட்டுக்குப் போய்டுச்சி." எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கல்லூரியில் இரண்டு வருஷம் இலக்கியம் படித்த எனக்கு அந்தப் பூனை கண்ணில் படவில்லையே என்று எரிச்சலாக இருந்தது.

செம்பரம்பாக்கம் பக்கம் மனை விற்கிற துண்டுத்தாளையும் நீ அப்படித்தான் படித்தாய். ஏரிக்காற்று, பறவைச் சத்தம், பௌர்ணமி நிலா என்று கவிதையாகவே அடித்திருந்தான். என் அப்பா அதை மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். நீ இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "காத்த சொல்றான், நெலாவ சொல்றான், மண்ண பத்தி ஒரு வார்த்த இல்ல. மழ நாள்ல போய்ப் பாத்துட்டு வரச் சொல்லு" என்றாய். ஐப்பசியில் போய்ப் பார்த்தோம். மனையின் எல்லைக் கல் முழங்கால் தண்ணீரில் நின்றது. அப்பா அதற்கப்புறம் உன்னை எங்கள் வீட்டில் 'வாத்தியார்' என்றுதான் சொல்வார்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்காமலே இருந்தது. இப்படி அக்கக்காகப் பிரித்துப் போட்டுவிட்டு, கடைசிப் பத்தியை நான் படிக்கும்போது நீயும் அழுவாய். வெட்கமே படாமல், கண்ணைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு அழுவாய். "தந்திரம் எல்லாம் தெரிஞ்சும் எதுக்குடா அழற?" என்று ஒருநாள் கேட்டேன். "இட்லி எப்டி வேவுதுன்னு தெரிஞ்சிட்டா பசிக்காதா?" என்றாய். கவிதையைப் பற்றி இதைவிடப் பெரிதாக ஒன்றை நான் இதுவரை எங்கேயும் படிக்கவில்லை.

இனி அந்த மார்ச் மாதத்துக்கு வருகிறேன். வராமல் தீராது.

ஒவ்வொரு வருஷமும் மார்ச்சில் பாதுகாப்பு வாரம் வரும். கம்பெனியில் வாசகப் போட்டி, ஓவியப் போட்டி, கவிதைப் போட்டி வைப்பார்கள். அந்த வருஷம் கவிதையில் முதல் பரிசு எனக்கு. எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்று தந்தார்கள். கவிதையைப் பிரஸ் ஷாப் சுவரில் ஆள் வைத்துப் பெரிதாக எழுதினார்கள். என் பெயர் கீழே சிவப்பு மையில். நான்கு பத்தி. இரண்டாவது பத்திக்குத்தான் கைதட்டல் அதிகம்:

ஊட்டி வளர்த்த தாயின் முன்னே
ஊனக் கையுடன் நிற்கலாமோ?
ஐந்து விரலால் உண்ட பிள்ளை
மூன்று விரலால் உண்ணலாமோ?

ஃபோர்மேனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தரையில் நடக்கவில்லை. மத்தியானம் கேன்டீனில் எல்லாரும் கையைக் குலுக்கினார்கள். நீ மட்டும் சுவரில் படித்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தாய்.

"சோக்கா கீது புலவரே. மெய்யாலுமே. ஆனா பிரஸ்ஸு எங்க?"

"என்ன பிரஸ்?"

"வெரல எடுத்துச்சே, அந்த பிரஸ்ஸு. அம்மா கீறாங்க, கை கீது, கண்ணு கீது, கவனம் கீது. மெஷின் ஒரே ஒரு வாட்டி வருது, அதும் நண்பனா வருது. அத்த ஓட்டச் சொன்னவங்க யாரும் வரவேயில்ல. இத்தப் படிச்சா வெரல் போனவன் மேலதான் கோவம் வரும்."

நீ விடவில்லை. "இன்னொண்ணு. மத்ததெல்லாம் நாலு வரி. மூணாவது மட்டும் ரெண்டு வரியில நொண்டுதே, ஏன்?"

"அது உத்தி" என்றேன். பொய் சொன்னேன். பொய்யைப் பிடித்துவிடுவாயோ என்ற பயத்தில், அதற்கு மேலும் ஒன்றைச் சொன்னேன். "ஊடு, கீதுன்னு பேசறவன் எல்லாம் எனக்குக் கவிதை சொல்லித் தர வேண்டியதில்லை. பரிசு எனக்குக் கிடைச்சதில் உனக்குப் பொறாமை."

நீ அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி நைனா" என்றாய். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து நான் சூப்பர்வைசர்கள் சாப்பிடும் ஜன்னலோர மேசைக்குப் போய்விட்டேன். இன்ஸ்பெக்‌ஷனில் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாகப் போகிறது என்று வேறு பேச்சு இருந்தது. அங்கே உட்கார்ந்தால் எனக்குப் பின்னால் உங்கள் பெஞ்சிலிருந்து கதை படிக்கிற குரல் கேட்கும். யாரோ திக்கித் திக்கிப் படிப்பார்கள். சிரிப்பு மட்டும் முன்னைப் போலவே வரும். எனக்கு அந்த மேசையில் சோறு இறங்கியதே இல்லை.

ஜூலை மாதம் ஏழுமலைக்கு விரல் போனது.

ஏழுமலை உனக்கு அடுத்த பிரஸ்ஸில் வேலை செய்தவன். கல்யாணமாகி ஏழெட்டு மாதம்தான் இருக்கும். பிரஸ் இறங்குகிற இடத்தில் கை போகாமல் மறிக்க ஒரு வலைத்தட்டு இருக்கும். காப்புத் தட்டு என்று பலகையில் எழுதியிருப்பார்கள். அது இருந்தால் தகடு வைத்து எடுக்கக் கூடுதலாக நாலைந்து நொடி ஆகும். அவசர ஆர்டர் என்றால் கழற்றிவிட்டு அடி என்று ஃபோர்மேன் வாயால் சொல்வார், எழுத்தில் எதுவும் இருக்காது. அன்றும் அப்படித்தான். வலது கையில் இரண்டு விரல். கட்டுப் பிரிப்பதற்கு முன்னாலேயே அவனுக்குக் குற்றப் பத்திரிகை வந்துவிட்டது: காப்புத் தட்டைத் தானே கழற்றினான், எச்சரித்தும் கவனக்குறைவாக இருந்தான், ஏன் வேலைநீக்கம் செய்யக்கூடாது?

அந்த மாதிரி நேரத்தில் கம்பெனிக்குள்ளேயே ஒரு விசாரணை நடக்கும். வெளியிலிருந்து ஒரு வக்கீலை அழைத்து நடத்துவார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் துணைக்கு ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம். ஏழுமலை உன்னை வைத்துக்கொண்டான். கம்பெனி தரப்பில் எச்சரிக்கை கொடுத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டுமே, அதற்கு எதைக் காட்டினார்கள் தெரியுமா என்று உன்னிடமே கேட்பது வேடிக்கைதான். என் கவிதையைக் காட்டினார்கள். தொழிலாளியே எழுதியது, பிரஸ்ஸுக்கு நேர் எதிரே சுவரில் இருப்பது, அதைப் படித்தும் கவனமில்லாமல் இருந்தான் என்று. ஆள் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் பார்க்கிற பர்சனல் ஆபீஸர் என்னைக் கூப்பிட்டார். "நீங்க எழுதினதுதான்னு சொன்னா போதும். வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். போகும்போது சூப்பர்வைசர் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். நான் எழுதியதுதானே, நடந்ததைத்தானே சொல்லப் போகிறேன் என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மாடி அறை. நடுவில் வக்கீல், வயதானவர். பக்கத்தில் டைப் அடிக்கிறவர். ஒரு பக்கம் பர்சனல் ஆபீஸர், எதிரே நீயும் ஏழுமலையும். அவன் கட்டுப் போட்ட கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. பிறகு வக்கீல் உன்னைப் பார்த்து, "குறுக்கு விசாரணை உண்டா?" என்றார்.

"கீதுங்க" என்றாய்.

என்னிடம் கவிதையை முழுசாகப் படிக்கச் சொன்னாய். படித்தேன். என் சுத்தமான உச்சரிப்பு அன்று எனக்கே சகிக்கவில்லை.

"இதுல கை எத்தினி வாட்டி வருது?"

வக்கீல் டைப் அடிக்கிறவரிடம், "இக்கவிதையில் கை எத்தனை முறை வருகிறது" என்று சொல்லி அடிக்க வைத்தார். நீ கேட்கிற ஒவ்வொன்றும் அப்படிச் சலவை செய்து பதிவானது. எண்ணிச் சொன்னேன். அம்மா எத்தனை தடவை, கண் எத்தனை தடவை, கவனம் எத்தனை தடவை என்று வரிசையாகக் கேட்டாய். எல்லாவற்றையும் எண்ணினேன்.

"பிரஸ்ஸு?"

"ஒரு தடவை. இயந்திரம்னு வருது."

"இன்னாவா வருது?"

"நண்பனா."

"அத்த ஓட்டச் சொன்னவங்க?"

"வரல."

"படிக்கிறவங்களுக்குக் கடைசில யார் மேல கோவம் வரும்?"

"விரல் போனவன் மேல."

"ஆமாங்கய்யா" என்று நீ வக்கீல் பக்கம் திரும்பினாய். "அவ்ளோ சோக்கா எழுதிகிறாரு. பக்கத்து மெஷின்ல நிக்கிற எனக்கே, தட்ட கழட்டச் சொன்னது யாருன்னு தெரிஞ்ச எனக்கே, சொவத்தப் படிச்சா ஏழுமலை மேலதான் கோவம் வருது. ஒரு பாட்டால இத்தச் செய்ய முடியும். ஆனா அது நடந்ததுக்கு சாட்சி ஆவாதுங்க." பர்சனல் ஆபீஸர் எழுந்து ஆட்சேபம் என்றார். வக்கீல் அவரைக் கையமர்த்தினார். அவர் முகத்தைப் பார்த்தேன். கவிதைத் தாளைக் கிட்டே வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நீ அதைக் கேட்டாய். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"மூணாவது பத்தி மட்டும் ரெண்டு வரி கீதே. மீதி ரெண்டு எங்க போச்சி?"

"இதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை" என்றார் பர்சனல் ஆபீஸர். வக்கீல், "எனக்கும் அது உறுத்தியது. சாட்சி பதில் சொல்லட்டும்" என்றார்.

சூப்பர்வைசர் இடம் கண்ணில் வந்தது. அப்பா ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பதும், என் மனைவி அப்போது முழுகாமல் இருந்ததும் நினைவில் வந்தன. உத்தி என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டால் முடிந்தது. நீ என்னை முறைக்கவில்லை, மிரட்டவில்லை. கதையின் கடைசிப் பத்தியை நான் படிக்கக் காத்திருப்பாயே, அந்த முகத்தோடு சும்மா உட்கார்ந்திருந்தாய். என்னால் அந்த முகத்துக்கு முன்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"இருந்தது" என்றேன். மனப்பாடமாகச் சொன்னேன்.

இயந்திரம் உனக்கு நண்பன் தம்பி
இணைந்து பழகு அதனை நம்பி
காப்புத் தட்டைக் கழற்றச் சொன்னால்
கழற்ற மாட்டேன் எனச்சொல் தம்பி

"கடசி ரெண்டு வரிய யாரு எடுத்தாங்க?"

பர்சனல் ஆபீஸரைக் கையை நீட்டிக் காட்டினேன். "இவர்தான் பேனாவால அடிச்சு எடுத்தார். அரசாங்க ஆய்வாளர் யாராவது வந்து சுவரைப் படிச்சா, கழட்டச் சொல்றது யாருன்னு கேப்பாங்க, வேண்டாம்னு சொன்னார்."

"அப்போ மார்ச்சுலயே கழட்டச் சொல்றாங்கன்னு தெரியும்?"

"எனக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

டைப்ரைட்டர் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றது. நீ, "அவ்ளோதாங்கய்யா" என்று உட்கார்ந்துவிட்டாய். ஏழுமலை அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

குற்றப் பத்திரிகையை ஒரு மாதத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஏழுமலைக்குக் கருவி அறையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. கம்பெனியை மூடுகிற வரைக்கும் அதில் இருந்தான். பிரஸ்களில் தட்டு திரும்ப மாட்டப்பட்டது, கழற்ற முடியாதபடி வெல்டிங் வைத்து. சுவரில் சுண்ணாம்பு அடித்தார்கள். சூப்பர்வைசர் இடம் வேறு ஒருவருக்குப் போனது. நான் அதே அளவு பார்க்கிற மேசையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டினேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். சம்பளக் கவர் வாங்கும் நாளில் மட்டும் கொஞ்சம் இருந்தது.

விசாரணைக்கு மறுநாள் மத்தியானம் கேரியரோடு கேன்டீன் வாசலில் நின்றேன். ஜன்னலோர மேசையில் எல்லாரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். எங்கே போவது என்று தெரியவில்லை. நீ உன் பெஞ்சிலிருந்து கையைத் தூக்கினாய். உன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. "குந்து" என்றாய். உன் அம்மா செய்த கருவாட்டுக் குழம்பை என் சோற்றில் ஊற்றினாய். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். நீ கேட்க விடாமல், "நேத்து சொன்ன அந்த ரெண்டு வரி நல்லாக் கீது. ஆனா 'தம்பி' ஒரே பத்தில ரெண்டு வாட்டி வருது பாரு" என்றாய். நான் சிரித்துக்கொண்டே அழுதேன், குழம்பு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். பத்திரிகையை என் பக்கம் தள்ளினாய். நான் படித்தேன்.

அதற்கப்புறம் எத்தனையோ கதை, எத்தனையோ கவிதை. கம்பெனி மூடிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் மேனாம்பேட்டுக்கு வருவேன். உன் மாடு கட்டிய இடத்தில் மாடி வீடு வந்தது. நம் தலை நரைத்தது. நீ ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன்டா என்று கேட்டால், "எல்லாரும் சமைச்சா துன்றது யாரு?" என்பாய். உன்னிடமும் குறை இல்லாமல் இல்லை. அடுத்தவர் படித்துக்கொண்டிருக்கிற கதையின் முடிவை முன்கூட்டியே உடைத்துவிடுகிற வியாதி உனக்கு உண்டு. உன் மனைவி உனக்குத் தெரியாமல் தொடர்கதை படித்த கதையை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனாலும் சொல்கிறேன், மேடை போட்டு மாலை போட்டுக்கொண்டவர்கள் பலரை நான் கேட்டிருக்கிறேன். வரிகளுக்கு நடுவே இல்லாமல் போனவனைத் தேடிப் பார்க்கிற கண் உனக்கு இருந்ததுபோல் அவர்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை. இன்றைக்குச் செய்தித்தாளைப் பிரித்தாலும், பேத்தியின் பாடப்புத்தகத்தைப் பிரித்தாலும், இதில் யாரைக் காணோம் என்றுதான் என் கண் முதலில் போகிறது. அது நீ கொடுத்த கண்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஏழுமலை வந்திருந்தான். பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். மூன்று விரலால் சோற்றைப் பிசைந்துகொண்டே, பழையதைப் பேச ஆரம்பித்தான். விசாரணைக்கு முந்தின நாள் சாயந்திரம் அவன் உன்னிடம் சண்டை போட்டானாம். ஆபீஸர் பக்கத்து சாட்சியை நம்பிப் போய்க் கேட்கிறாயே, அவன் வாயைத் திறக்க மாட்டான், என் வேலை போய்விடும் என்று.

"அதுக்கு அண்ணாத்தே இன்னா சொன்னாரு தெரியுமா?" என்றான். "சொல்லுவான்னுதான் கேக்குறேன். சொல்லலன்னா வேற வழி பாப்போம். ஆனா சொன்னாலும் சொல்லாட்டியும் அவன் நம்ம பெஞ்சிலதான் குந்தி சாப்டணும். நீ மூஞ்சியத் தூக்கினு எழுந்து போவக்கூடாது. அவனுக்கும் பயம் கீது, ஊட்ல புள்ள வரப்போது, அப்டின்னாரு."

அவன் மோரை வாங்கி ஊற்றிக்கொண்டு, சாதாரணமாக அடுத்ததைச் சொன்னான்.

"நீ ஜன்னலாண்ட போய்க் குந்தினியே, அந்த நாலு மாசமும் ஒன் எடத்துல எங்க யாரையும் குந்த வுடல அவரு. பெஞ்சில எடம் பத்தாம நாங்க நசுங்கினு கெடப்போம். யாரு வந்து கேட்டாலும், ஆளு வருதுன்னுடுவாரு."

நான் உண்மையைப் பேசியதால் கிடைத்த இடம் அது என்றுதான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, உன்னிடம் ஒளிப்பானேன். அந்தக் கர்வம் அந்தப் பந்தியிலேயே போய்விட்டது, போனது நல்லதுதான். நான் திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியாத அந்த நாலு மாதமும், நீ எல்லாரிடமும் ஆளு வருது, ஆளு வருது என்று சொல்லிக்கொண்டு, பக்கத்தில் காலி இடத்தை வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாய்.